கேஸ் இல்லாதவன்

முகில் ஒன்றுகூட இல்லாத காலை அது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நான் அறையொன்றை வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் உரிமையாளர் மிஸிஸ் ஹாரிஸன், வேலைக்குப் புறப்பட்ட என்னை வாசலில் மறித்து ஒரு கறுப்புக் குடையை நீட்டினார். நான் வானத்தைப் பார்த்தேன். மாசு மறுவற்ற நீலம். அவரைப் பார்த்தேன், மாசு மறுவற்ற புன்னகை. "ஜஸ்ட் இன் கேஸ்" என்றார். வாக்கியத்தின் மீதிக்காக நான் காத்து நின்றேன். குடையை நான் வாங்கிக்கொள்வதற்காக அவர் காத்து நின்றார். மீதி வரவேயில்லை. மழை பெய்தால் என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அஞ்சப்படுகின்ற பொருளை வெளியே விட்டுவிட்டு, அச்சத்தை மட்டும் கையில் கொடுத்தனுப்புகின்ற ஒரு வாக்கியத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். குடையை வாங்கிக்கொண்டேன். மழை பெய்யவில்லை. என் சந்தேகம் அன்று தொடங்கியது.

புலம்பெயர்ந்த என் சகோதரர்களே, ஊரிலிருந்து இதை வாசிப்போரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். "கேஸ்" என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனத்தில் முதலில் எழுவது எது? நான் கல்பிட்டியிலே பிறந்தவன். எங்கள் கரையில் கேஸ் என்றால் கோடு, அதாவது நீதிமன்றம். கோடு என்றால் தவணை. தவணை என்றால் வெள்ளை உடுப்பை அயர்ன் பண்ணிக்கொண்டு விடியற்காலை புத்தளம் பஸ் ஏறுகின்ற ஒரு மனிதனும், அவன் போவதை வேலிக்கு மேலால் பார்க்கின்ற நான்கு கண்களும். "அவனுக்குக் கேஸ் ஒன்று இருக்கு" என்று ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டால் போதும். வழக்கு எதைப் பற்றியது, அவன் வாதியா பிரதிவாதியா, வென்றானா தோற்றானா என்ற விசாரணைகள் எவையும் பிறகு நடப்பதில்லை. சொல்லே தீர்ப்பு.

நியாயமாகப் பேசவேண்டுமென்றால், அந்தச் சொல்லுக்கு எங்களிடமும் கிளைகள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாடசாலையில் ஒரு பெடியனும் ஒரு பெட்டையும் ஒரே மரநிழலில் இரண்டு தரம் நின்றால் அது "லவ் கேஸ்". வைத்தியசாலையில் நோயாளி உள்ளே போவதற்கு முன்னரே அவருடைய பெயர் போய்விடும். அவர் "டெங்கு கேஸ்" ஆகிவிடுவார். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் பஸ் புகைவிட்டு நின்றால், சிங்களக் கண்டக்டர் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு "பொடி கேஸ் எகக்" என்பார். சின்னப் பிரச்சினை என்று அர்த்தம். பயணிகள் எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும் என்றும் அர்த்தம். குசினியில் அடுப்புக்கு வருகின்ற சிலிண்டரும் கேஸ்தான். ஆங்கிலத்தில் அது வேறு எழுத்து, வேறு சொல்; எங்கள் நாவுக்கோ இரண்டும் ஒன்று. இத்தனை கிளை இருந்தும் வேரென்னவோ கோட்டுக்குள்தான் இருந்தது.

அந்த வேரைக் காலில் சுற்றிக்கொண்டுதான் நான் லெஸ்டரில் நடந்தேன். படித்துக்கொண்டே பகுதிநேரமாக வேலை செய்த மொத்த வியாபாரக் களஞ்சியத்தில், மேற்பார்வையாளர் தினமும் காலையில் என்னைப் பார்த்து "ஹவ் மெனி கேஸஸ்?" என்று கேட்பார். தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளைத்தான் அவர் கேட்கிறார் என்பது விளங்கிய பின்னரும், எல்லோருக்கும் முன்னால் "தேர்ட்டி கேஸஸ், சேர்" என்று சொல்லும்போது என் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். இன்னொரு நாள், நண்பனொருவனைப் பார்க்க வேறு நகரத்துக்குப் போக இருந்தேன். மிஸிஸ் ஹாரிஸன் மாடிப்படியின் அடியில் நின்று "ஹாவ் யூ காட் அ கேஸ்?" என்று கேட்டார். நான் படியிலேயே நின்றுவிட்டேன். மேடையில் நிற்பதுபோல் நிமிர்ந்தேன். "மெடம், என்மேல் எந்தக் கேஸும் இல்லை. நானோ என் தகப்பனாரோ எந்த நீதிமன்றத்தின் படியையும் மிதித்தவர்கள் அல்லர்" என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அப்படியென்றால் என்னுடையதைத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு, சில்லுப் பூட்டிய ஒரு நீலப் பயணப்பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

சிரிக்கலாம், நானும் பின்னாளில் சிரித்தேன். ஆனால் என் சந்தேகம் சிரிப்போடு தீரவில்லை. இன்ஷா அல்லாஹ் என்று சொல்லி நாளையை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டுப் படுப்பவர்கள் நாங்கள். இவர்களோ இன் கேஸ் என்று சொல்லி நாளைக்கு எதிராகக் குடை, பூட்டுக்கு இன்னொரு திறப்பு, மெழுகுதிரி, டின் மீன் எல்லாவற்றையும் அடுக்கிவைத்துவிட்டுப் படுக்கிறார்கள். இவ்வளவு மென்மையாகப் பேசுகின்ற ஒரு சமூகம் உள்ளுக்குள் எதை நம்பாமல் இருக்கிறது? வானத்தையா? அயலவரையா? என்னையா? கேட்கத் துணிவில்லை. கவனித்துக்கொண்டிருந்தேன்.

படிப்பு முடிந்தது. முடித்தவர்கள் மேலும் சில காலம் அங்கேயே தங்கி வேலை பார்ப்பதற்கென்று ஒரு வீசா இருக்கிறது. அதற்கு நாட்டுக்குள் இருந்துகொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வரும்வரை நாட்டைவிட்டு வெளியேறவும் கூடாது. வெளியேறினால் விண்ணப்பம் தானாகவே விழுந்துவிடும், வெளியிலிருந்து மறுபடி கேட்கவும் வழியில்லை. நானும் விண்ணப்பித்தேன். "யுவர் கேஸ் இஸ் அண்டர் கன்ஸிடரேஷன்" என்று பதில் வந்தது. அதைத்தான் நான் ஊருக்குச் சொன்னேன். சொன்ன வாக்கியம் இதுதான்: "வீசா கேஸ் இன்னும் முடியல்ல உம்மா." அந்த வாக்கியத்திலிருந்து வீசா என்ற சொல் எங்கே, யாருடைய வாயில் உதிர்ந்தது என்பதை என்னால் இன்றுவரை நிறுவ முடியவில்லை.

உம்மா தொலைபேசியைக் காதில் வைத்துப் பேசுகின்றவர் அல்லர். லவுட் ஸ்பீக்கரில் போட்டு, அரிசி களையும் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடல் காற்றையும் மீறிக் கத்துவார். பக்கத்து வீட்டு மாமிக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு தகரவேலிதான். ஒரு நாள் உம்மா எடுத்த எடுப்பில், "மகன், கேஸ் முடிஞ்சிட்டு!" என்றார். "யாரு உம்மா சொன்ன?" என்று கத்தினேன். "யாரு சொல்ற? அடுப்புல பாதிச் சோறு வெந்து நிக்கிது. வாப்பாக்குப் போன் எடுத்து ஒரு சிலிண்டர் கொண்டுவரச் சொல்லு, எனக்கு அவர்ட நம்பர் விழுதில்ல." நான் மூச்சை விட்டுவிட்டு, "என்ட கேஸ்தான் இன்னும் முடியல்ல" என்றேன். உம்மா உரத்த குரலில், ஆறுதலாக, வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி, "அதுவும் முடியும் மகன். எல்லாக் கேஸும் ஒரு நாளைக்கு முடியும்தானே. அல்லாஹ் பாத்துக்குவான்" என்றார்.

அப்போது வீட்டில் என் தங்கை நுஸ்ரத்துக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. அவள் கல்பிட்டியிலேயே ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளை ரியாஸ் புத்தளம் டவுனில் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவரைப் பற்றிக் கேட்டபோது, அண்ணனை நானா என்று அழைக்கும் எங்கள் வழக்கில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "நல்ல மனிசன் நானா. கதை குறைவு. உங்களுக்கு நேர் எதிர்." அவள் குரலில் இருந்த சிரிப்பிலிருந்து, அவளுக்கு விருப்பம் என்பதை நான் விளங்கிக்கொண்டேன். ரியாஸின் வாப்பா, பாலாவிப் பக்கம் உப்பளம் வைத்திருக்கும் பாரூக் ஹாஜியார். சொல் சுத்தமும் ஆள் சுத்தமும் பார்க்கின்றவர். பக்கத்து வீட்டு மாமியின் மகள் வாழ்க்கைப்பட்டிருப்பதும் பாலாவியில்தான். செய்தி போவதற்கு வேறு பாதை தேவைப்படவில்லை. நிக்காஹ்வுக்கு நாள் குறித்திருந்த நிலையில் ஹாஜியார் என் வாப்பாவுக்குப் போன் எடுத்து, "உங்கட மகனுக்கு லண்டன்ல கேஸாமே?" என்று கேட்டார்.

வாப்பா கருவாட்டு வியாபாரி. வெயிலோடும் காற்றோடும் கொடுக்கல் வாங்கல் செய்து பழகியவரே ஒழிய, சொற்களோடு அல்ல. "இல்ல ஹாஜியார், அது அங்க உள்ள கேஸ்" என்று பதில் சொல்லிவிட்டார்.

தொடர்ந்த நாட்களில் ஹாஜியார் வீட்டில் என் கேஸ் வளர்ந்தது. ஒருவர் வாயில் அது அடிபிடி. இன்னொருவர் வாயில் போதைத்தூள். மூன்றாமவர் வாயில் ஒரு வெள்ளைக்காரப் பெண். கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு இரு தரப்பாரும் எங்கள் வீட்டில் கூடுவதென்றும், நான் தொலைபேசியில் விளக்கமளிப்பதென்றும் ஏற்பாடாயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் செய்தி கேட்டு நான் மகிழ்ந்தேன். பாடசாலைக் காலத்தில் மாவட்ட விவாத மேடைகளிலே எத்தனையோ அணிகளை எதிர்கொண்டவன் நான். எதிரணித் தலைவர் இறங்கிப் போகும்போது நடுவர்களின் முகத்தைப் பார்த்தே முடிவைச் சொல்லக் கற்றவன். ஒரு சொல்லின் பொருளை நிறுவுவதா எனக்குப் பெரிது?

பேசினேன். தொலைபேசியை விறாந்தையின் நடுவில் ஒரு கதிரைமேல் வைத்திருந்தார்கள் என்று நுஸ்ரத் பிறகு சொன்னாள். அந்தக் கதிரைக்குத்தான் நான் பேசினேன். சபைக்கு ஸலாம் சொல்லி, சொல்லொன்று பொருள் பலவாதல் எம்மொழிக்கும் இயல்பே என்று தொடங்கினேன். பெட்டியும் கேஸ், நோயாளியும் கேஸ், நிலைமையும் கேஸ், விண்ணப்பமும் கேஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினேன். குற்றமும் வழக்கும் அந்தச் சொல்லின் ஓர் அறை மட்டுமே, முழு வீடு அல்ல என்றேன். குரலை ஏற்றவேண்டிய இடத்தில் ஏற்றி, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினேன். முடித்தேன். கைதட்டல் வருகின்ற இடத்தில் காகம் கரைவது கேட்டது.

"மாஷா அல்லாஹ், தம்பி நல்லாப் பேசுறீங்க" என்றார் ஹாஜியார். கொஞ்சம் பொறுத்து, "இவ்வளவு பேச்சு இருக்கிறவருக்கு லோயரும் தேவையில்லதான்" என்றார். யாரோ இருமினார்கள், அது இருமல் அல்ல என்பது எனக்கு விளங்கியது.

"ஹாஜியார், நான் சொன்னது…"

"இருங்க தம்பி. நான் படிக்காத மனிசன். கேஸ் இல்லாதவனுக்கு இவ்வளவு நேரம் கதைக்கத் தேவையில்ல. எனக்குத் தெரிஞ்ச கணக்கு ஒன்டுதான். கேஸ் உள்ளவன்ட பாஸ்போர்ட் கோட்டுல கிடக்கும். அவனுக்கு நாட்டை விட்டு வெளிய போக ஏலாது. நீங்க தங்கச்சிட நிக்காஹ்வுக்கு வந்து பள்ளிவாசல்ல என் பக்கத்துல நில்லுங்க. வந்தீங்கன்டா கேஸ் இல்ல. அவ்வளவுதான் கதை."

"வீசா முடிவு வரும்வரைக்கும் எனக்கு இப்ப வெளிய வர ஏலாது" என்றேன்.

சபையில் ஒரு நீண்ட "ஓ…" எழுந்தது. அன்று என் வாயிலிருந்து வந்த ஒரேயொரு சிறிய வாக்கியம் அதுதான். அதைத்தான் எல்லோரும் முழுமையாக நம்பினார்கள்.

மேடையில் நான் தோற்ற நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் எதிரணியின் வாதம் என்னுடையதைவிட வலியதாக இருந்திருக்கும். இங்கே எதிர்வாதமே இல்லை. நான் மௌனமாக இருந்தால் ஒளிக்கிறேன். பேசினால் பூசி மெழுகுகிறேன். தெளிவாகப் பேசினால் பழகிய கள்ளன். சந்தேகம் எந்த ஆதாரத்தையும் தின்று அதிலேயே கொழுக்கும் என்பதை எந்த விவாதப் பயிற்சியிலும் எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை.

மறுநாள் வாப்பா தனியாக அழைத்தார். கரையில் பாய் விரித்துக் கருவாடு காயப்போடுகின்ற இடத்திலிருந்து பேசுகிறார் என்பது காற்றின் இரைச்சலில் தெரிந்தது. யாரும் பக்கத்தில் இல்லாத இடம் பார்த்து வந்திருக்கிறார். நெடுநேரம் மீன் விலையைப் பற்றியும் காற்று இன்னும் திரும்பாததைப் பற்றியும் பேசிவிட்டு, "மகன், ஒன்டு கேக்கட்டா?" என்றார்.

"கேளுங்க வாப்பா."

"நான் உம்மாக்கும் சொல்லமாட்டன். சின்னக் கேஸ் ஒன்டு என்டாலும் என்னட்டச் சொல்லு. ஆம்புளப் புள்ள, தூர தேசம். தப்பு நடக்கும்தானே. காசு கட்டி முடிக்க ஏலுமான கேஸ் என்டா பாப்பம்."

ஹாஜியார் என்னை நம்பாதது என் பெருமையைத்தான் சுட்டது. இது வேறு இடத்தில் சுட்டது. வாப்பா என்மேல் கோபப்படவில்லை. என்னை மன்னிக்கத் தயாராகவே வந்திருந்தார். செய்யாத குற்றத்துக்கு, பெற்ற தகப்பன், காற்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மன்னிப்பை முற்பணமாகக் கொண்டுவந்து நீட்டினார். "ஒன்டும் இல்ல வாப்பா" என்றேன். "சரி மகன், சரி" என்றார் அவர். அந்த இரண்டாவது சரியில் நம்பிக்கை இருக்கவில்லை.

ஊருக்குப் போவதென்று அன்றே முடிவு செய்தேன். நுஸ்ரத்துக்குச் சொன்னபோது அவள் கத்தினாள்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா நானா? வந்தா வீசா போகும்தானே?"

"போகும்."

"அப்ப வராதீங்க. அவங்களுக்குச் சந்தேகம் என்டா இருந்துட்டுப் போகட்டும். சந்தேகத்தைத் தாலாட்டி வளக்கவா நான் அந்த வீட்டுக்குப் போறன்? வேணாம் என்டா வேணாம் என்டு சொல்லட்டும், நான் மூலையில குந்திக்கொண்டா அழப்போறன்?"

"உனக்கு அவரை விருப்பம்."

அவள் குரல் மாறியது. "விருப்பம்தான். அதுக்காக நீங்க வாறீங்க என்டு மட்டும் சொல்லாதீங்க. நீங்க எனக்காக வரல்ல நானா. உங்கட பேருக்காக வாறீங்க. தோத்துட்டு வீட்டுக்குப் போக உங்களுக்குப் பழக்கமில்ல."

அதற்கு என்னிடம் மறுப்புரை இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் சொன்னது மேலும் உறுதியாகியிருக்கும்.

விண்ணப்பத்தை மீளப்பெற்றேன். "யுவர் கேஸ் ஹாஸ் பீன் க்ளோஸ்ட்" என்று பதில் வந்தது. எங்கள் கரையில் ஒருவனுடைய கேஸ் மூடப்பட்டால் வீட்டில் பாயாசம் காய்ச்சுவார்கள். நான் அறையின் சுவரில் ஒட்டியிருந்த படங்களைக் கழற்றினேன். மிஸிஸ் ஹாரிஸன் வாசல்வரை வந்தார். ஏன் போகிறாய் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. "ஐ ஆம் ஷுவர் யூ ஹாவ் யுவர் ரீஸன்ஸ்" என்றார். என்னைச் சந்தேகிக்கிறாரோ என்று ஒரு காலத்தில் நான் சந்தேகித்த பெண்மணி, என்னிடம் எந்த விளக்கமும் கோராமல் வழியனுப்பிய ஒரே மனிதராக இருந்தார். அதற்கும் ஒரு பெயர் இருக்கவேண்டும். அது நம்பிக்கையா, அக்கறையின்மையா என்று விமானம் மேலெழும்வரை யோசித்தேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நான் ஏறிய வான் சிலாபத்தைத் தாண்டி, பாலாவியில் திரும்பி, நுரைச்சோலை மின்நிலையப் புகைபோக்கியை இடப்பக்கம் விட்டுக்கொண்டு வீட்டு வாசலில் நின்றது. உம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டார். முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது இதைத்தான்: "கேஸ் முடிஞ்சா மகன்?"

பயணக் களைப்பு. "முடிஞ்சிட்டு உம்மா" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று உம்மா வானத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். தகரவேலியின் மேலால் மாமியின் தலை எழுந்தது. "கேஸ் முடிஞ்சிட்டா? அல்ஹம்துலில்லாஹ். நானும் துஆக் கேட்டன் தம்பி. எப்பிடியும் விடுவாங்க என்டு சொன்னன்தானே?" என்றார். அவருடைய கண்ணில் உண்மையாகவே நீர் இருந்தது. இல்லாத சிறையிலிருந்து எனக்காக அழுது என்னை மீட்டெடுத்த பெண்ணிடம் எந்த வாதத்தை முன்வைப்பது?

நிக்காஹ் நடந்தது. பள்ளியில் ஹாஜியாரின் பக்கத்தில் நின்றேன். அவர் என் தோளில் கைபோட்டு, வந்தவர்களுக்கெல்லாம் "இவர்தான் மருமகள்ட நானா, லண்டன்ல இருந்து வந்திருக்கார்" என்று காட்டினார். வென்றேன் என்றே நினைத்தேன். பின்னேரம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர். ஒரே தட்டில் ஆறு கை. எனக்கு எதிரே இருந்த, பெயர் தெரியாத, நல்ல மனம் படைத்த ஒரு மனிதர், இறைச்சித் துண்டொன்றைப் பிரித்து என் பக்கம் தள்ளிவைத்தபடி, "தம்பி சாப்பிடுங்க. பெரிய கஷ்டப்பட்டு வந்திருப்பீங்க. அனுப்பிட்டாங்கதானே?" என்றார்.

"யாரும் அனுப்பல்ல. நானாத்தான் வந்தேன்."

"சரி சரி, எல்லாரும் அப்பிடித்தான் சொல்ற" என்றார் பக்கத்தில் இருந்தவர். "என்ட மச்சானையும் இத்தாலியில இருந்து அனுப்பினாங்க. கேஸ்ல தோத்தா வெச்சிருக்கமாட்டாங்க தம்பி. இதுல வெக்கப்பட ஒன்டுமில்ல."

"திரும்பப் போறீங்களா?" என்று முதலாமவர் கேட்டார்.

"இப்ப போக ஏலாது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாமவர் சோற்றில் கையை வைத்தபடி நிறுத்தினார். கேஸ் உள்ளவனால் வெளியேற முடியாது என்பது ஹாஜியாரின் கணக்கு. கேஸில் தோற்றவன்தான் வெளியேற்றப்படுவான் என்பது இந்தச் சஹனின் கணக்கு. இரண்டு கணக்குக்கும் விடை நான்தான். இறைச்சி ருசியாக இருந்தது. சாப்பிட்டேன்.

ஆயினும் அன்றைய கடைசி அடி அங்கிருந்து வரவில்லை. கை கழுவுகின்ற இடத்தில் மாப்பிள்ளை ரியாஸ் என்னைத் தேடி வந்தார். மருந்துக்கடைக்காரருக்கே உரிய தாழ்ந்த குரலில், மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "மச்சான், உண்மையில என்ன கேஸ்?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக, "எனக்குச் சொல்லாட்டியும் பரவால்ல. வாப்பாட்ட முதல் நாளே சொல்லிட்டன், மச்சானுக்குக் கொலைக் கேஸ் இருந்தாலும் நான் நுஸ்ரத்தைத்தான் முடிப்பன் என்டு" என்றார்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் வராவிட்டாலும் இந்தக் கலியாணம் நடந்திருக்கும். தோற்க முடியாத ஒரு விவாதத்தில் வெல்வதற்காக நான் ஒரு நாட்டைக் கொடுத்திருக்கிறேன். "கதை குறைவு" என்று நுஸ்ரத் அவரைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தக் குறைந்த கதையில் ஒரு வாக்கியத்தை, ஒரேயொரு வாக்கியத்தை, அவர் எனக்கும் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, என்னைப் போன்ற ஒரு பேச்சாளனிடம் எப்படிப் பேசுவது என்று பயமாக இருந்ததாம். அவரைக் கட்டிப்பிடித்தேன். என்ன செய்ய? என் தங்கைக்கு நல்ல மனிதர் கிடைத்திருக்கிறார்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்தக் கட்டுரை முழுவதிலும் எனக்குச் சந்தேகமில்லாத விடயம் அது ஒன்றுதான்.

இவையெல்லாம் நடந்து சில மாதங்களாகின்றன. கல்பிட்டியில் என்னை "லண்டன்ல இருந்து வந்தவன்" என்கிறார்கள். லெஸ்டரில் இருந்த காலமெல்லாம் நான் "ஸ்ரீலங்காவிலிருந்து வந்தவன்". பகலில் வாப்பாவோடு கருவாட்டுக் கணக்குப் பார்க்கிறேன். சில நாட்களில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகின்ற வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டியாகப் போகிறேன். அவர்களுடைய ஆங்கிலத்தைக் கேட்டால் ஏதோ சொந்தக்காரரின் குரல்போல இருக்கிறது. அதை வெளியில் சொன்னால் அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடிப்பார்கள் என்று பேசாமல் இருந்துவிடுகிறேன்.

போன சனிக்கிழமை நுஸ்ரத் புத்தளத்திலிருந்து வந்திருந்தாள். முகம் தெளிந்திருக்கிறது, கொஞ்சம் பூசியுமிருக்கிறாள். மேசையில் உட்கார்ந்து வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் தயாரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தலையை நிமிர்த்தாமலே, "நானா, வேற்றுமைக்கு இங்கிலிஷ்ல என்ன?" என்று கேட்டாள்.

நான் அவளுடைய தாளை எட்டிப் பார்த்தேன்.

"முதலாம் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை என்டு சொல்றோமே. ஐ, ஆல், கு… அதுக்கு. தெரியாதா? லண்டன் போய்ப் படிச்சது என்ன?"

"கேஸ்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் பகிடி விடுகிறேனா என்று என் முகத்தைத் தேடினாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். முக்காடு நழுவித் தோளில் விழும்வரை, கண்ணைத் துடைத்துத் துடைத்து, "உம்மா, இங்க வாங்க, நானாட கேஸ் இலக்கணப் புத்தகத்துல இருக்கு!" என்று கத்திச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஊருக்கு வந்தபின் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

"சரி, உதாரணம் சொல்லுங்க, எழுதுறன்" என்றாள். "ஐந்தாம் வேற்றுமை. நீங்கல்."

"கல்பிட்டியிலிருந்து போனான். லெஸ்டரிலிருந்து வந்தான்."

யோசிக்காமலே வந்தன இரண்டும். அவள் எழுதினாள். "ஏழாம் வேற்றுமை. இடம்."

நான் யோசித்தேன். அவள் காத்திருந்துவிட்டு, தானே, "நுஸ்ரத் புத்தளத்தில் வாழ்கிறாள்" என்று எழுதினாள். அழகான, ஐயமற்ற எழுத்து. பிறகு பேனையை என் பக்கம் நீட்டி, "இன்னும் ஒன்டு வேணும் நானா" என்றாள்.

பேனையை வாங்கினேன். ஸப்ரான் என்று என் பெயரை எழுதினேன். ஊருக்கென்று ஓர் இடம் விட்டேன். அதற்கு அப்பால் "இல்" என்று உருபை மட்டும் எழுதினேன். அவள் அதைப் பார்த்தாள், அழிக்கவில்லை. பிள்ளைகள் நிரப்பட்டும் என்று சொல்லித் தாளை மடித்துப் பையில் வைத்தாள்.